டென்மார்க் பிள்ளைக்கு விசா நீட்டித்தது

கிட்டக்க வந்து உட்காருங்க. விசா வேலை என்பது பாதி நடை, பாதி பெஞ்சு. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டி தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் மன்னார்புரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பியூனாக இருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நம் விவசாயிகள் வீட்டில் தங்கி வேலை பழகுவார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனாலும் அவர்கள் பாஸ்போர்ட்டெல்லாம் என் பையில்தான் ஊர் சுற்றும்.

அந்த வருஷம் டென்மார்க்கிலிருந்து எரிக் வந்தான். திருவெள்ளறையில் பெரியண்ணன், அஞ்சலை தம்பதி வீட்டில் தங்கல். ஐப்பசியில் அவனே குனிந்து நாற்று நட்டான். அறுப்பு தையில். விசாவோ கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமையோடு சரி. நட்டதை அறுக்காமல் போனால் சான்றிதழ் கிடையாது. அதைவிட, கதிரைப் பார்க்காமல் கப்பல் ஏறணுமே என்றுதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டோ மூணு காப்பி

விசா ஆபீசில் நீட்டிப்புக்குப் புதுப் போட்டோ கேட்டார்கள். எரிக்குக்குக் காய்ச்சல் வந்தபோது அஞ்சலை சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, குணமானதும் மொட்டை போட்டுவிட்டிருந்தாள். அந்த மொட்டையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். ஸ்டூடியோக்காரர் ஐயங்கார் ஸ்வாமி, ரொம்பத் தயை உள்ளவர். “சீமைக்குப் போற படம், மொட்டையா இருந்தா நன்னாயிருக்காது ஓய்” என்று, பென்சிலால் படத்திலேயே முடி வரைந்து, இடப்பக்கம் வகிடும் எடுத்துக் கொடுத்தார்.

ஆபீசில் குமாஸ்தா பாஸ்போர்ட்டைத் திறந்தார். அதில் பட்டுப் போலப் பொன்முடி. கையிலிருந்த போட்டோவில் எண்ணெய் தடவிய கறுப்பு முடி. எதிரே மொட்டை. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்ப்பா, இந்த மூணு பேர்ல யாருக்கு விசா வேணும்?”

வைக்கோல் போர்

மறுபடி மொட்டைப் படம் எடுத்துக் கொடுத்தாயிற்று. அடுத்தது விசாரணை. ஆள் சொன்ன முகவரியில் இருக்கிறானா என்று பார்க்க ஏட்டு ஒருவர் சைக்கிளில் திருவெள்ளறை போனார். பார்த்துவிட்டு ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டார்.

பதறிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். தெருமுனையில் காக்கிச் சட்டையைக் கண்டதுமே பெரியண்ணன் எரிக்கை வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாராம். அவனும் இது ஏதோ ஊர் வழக்கம் என்று, எறும்பு கடிக்கக் கடிக்க ஒரு மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறான். பயிற்சி நோட்டில் எழுதியும் வைத்திருந்தான்.

“ஏங்க இப்படிப் பண்ணினீங்க?” என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பெரியண்ணனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “போலீஸு வந்து கேட்டா வீட்டுப் பிள்ளையக் காட்டியா கொடுப்பாங்க?”

எதிரே நிற்கிறான்

வியாழக்கிழமை. எரிக்கையே குமாஸ்தா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். “இதோ பாருங்க ஐயா, ஆள்.”

“ஆள் இருக்கட்டும். திருவெள்ளறையில இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கே. மறு விசாரணைக்கு எழுதணும். பதினைஞ்சு நாளாகும்.”

“நாளைக்கு விசா முடியுதுங்களே!”

“முடிஞ்சா கிளம்பணும்.”

எரிக் தனக்குத் தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்து, நெஞ்சில் கை வைத்து, “ஐயா, நான் இருக்கேங்க” என்றான். குமாஸ்தா அவனை இரக்கத்தோடுதான் பார்த்தார். “நீ இருக்கப்பா. ஃபைல்ல இல்லையே!”

அஞ்சலை கொடுத்த மனு

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சலை என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எரிக்கை எதிர்த்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்ப் புகார் எழுதச் சொன்னாள்: திருவெள்ளறையில் தன் வீட்டில் ஆறு மாசமாகத் தங்கியிருந்த டென்மார்க் பிள்ளையைக் காணோம்.

வெளிநாட்டு ஆள் என்றதும் இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. வீடு, தெரு, எத்தனை மாசம் என்று ஒன்று விடாமல் எழுதி முத்திரை போட்டார். “எப்பம்மா காணாமப் போனான்?” என்றார். “எனக்கு என்னங்க தெரியும்? எங்க வீட்டுல இல்லைன்னு எழுதினது உங்க ஏட்டய்யாதானே!”

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதற்குள் அஞ்சலை வாசலுக்குப் போய் டீக்கடையைப் பார்த்துக் கையைத் தட்டி எரிக்கை உள்ளே கூப்பிட்டாள். ‘மேற்படி நபர் கிடைத்து, தங்கியிருந்த வீட்டார் வசம் ஒப்படைக்கப்பட்டார்’ என்று எழுத வைத்து, தானே ரேகை உருட்டி, அந்தக் காகிதத்தை மடிக்காமல் தூக்கிக்கொண்டு, ஆபீஸ் அடைக்குமுன் குமாஸ்தா மேஜையில் விரித்து, தை முடிய விசா நீட்டிப்பு வாங்கிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நம்ம ஊரில் ஒருத்தன் இருக்கிறான் என்று நிரூபிக்க அவன் நேரில் வந்து நின்றால் போதாது, ஒரு தடவை காணாமலும் போகணும்.