வெறும் கண்ணாடி

எங்கள் அப்பா அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மூத்த மகளான எனக்குப் பத்து வயதாகியும் வாசிக்க வரவில்லை. வேதப்புத்தகச் சங்கீதங்களைக் காதால் கேட்டே ஒப்பித்துவிடுவேன். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். அப்பா அடித்துப் பார்த்தார், பட்டினி போட்டுப் பார்த்தார். அழுகைதான் வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பிள்ளைகளின் புத்தியைச் சோதித்துச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா என்னை ரயிலில் கூட்டிப்போனார்.

"அங்கன போயி முழிச்சுக்கிட்டு நிக்காதட்டி. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார். வழியில் பேசியது அவ்வளவுதான்.

டாக்டரம்மா முதலில் காதையும் கண்ணையும் பார்த்தார். பிறகு ஒரு கதையைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், ஒன்றுவிடாமல் சொன்னேன். கலைத்துப் போட்ட மரத்துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கினேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியாகப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாளை டாக்டரம்மா நீட்டினார். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அப்பா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரம்படியே மேல் என்றிருந்தது எனக்கு.

"இவளுக்குப் புத்தி நன்றாயிருக்கிறது ஐயா, கண்ணும் நன்றாயிருக்கிறது. எழுத்து மட்டும் மனதில் நிற்கவில்லை. அடிக்காதேயுங்கள். நீங்கள் வாசியுங்கள், இவள் கேட்டுப் படிக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

இதை ஊரில் எப்படிச் சொல்வது? திரும்பும் வழியில் திருநெல்வேலிக் கடையொன்றில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினார் அப்பா.

"யாரு கேட்டாலும் கண்ணுல கோளாறுன்னு சொல்லு, என்ன?"

சொன்னேன். கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதப்புத்தகத்தைப் பிரித்துவைத்து உதட்டை அசைத்தேன். 'பாவம், வாத்தியார் பிள்ளைக்குக் கண்ணு தெரியலையே' என்று பெண்கள் இரங்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

கோயில் நிதிக்காக நடக்கும் விற்பனைக்குப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடித் துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அத்தை ஊசி கோக்க என் கண்ணாடியை வாங்கி மாட்டினாள்.

"ஏளா, இது வெறும் கண்ணாடில்லா! இதப் போட்டுக்கிட்டு என்னத்தளா வாசிக்க?"

சிரிப்பு எழுந்தது. அப்பா வாசலில்தான் நின்றிருந்தார். உள்ளே வந்து, "அவ கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் வரல. வாத்தியான் மகளுக்கு வாசிக்க வரலன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றார்.

சிரிப்பு நின்றது. ஆனால் என் அப்பா என்னை நினைத்து வெட்கப்பட்டார் என்பதை அத்தனை பேர் நடுவே அவர் வாயாலேயே கேட்ட பிறகு, எனக்குத் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் எனக்கு வாசித்துக் காட்டினார். பூகோளம், சரித்திரம் எல்லாம் அப்படித்தான் படித்தேன். எழுத்து கடைசிவரை வரவில்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். அப்பா வாசிக்கும்போது தெருவில் யாராவது வந்தால் அவர் குரல் தானாகத் தாழும். நானும் காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பேன்.