அடிக்கடி செத்துப்போகிற தாத்தா

வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மருந்து, சோறு, குளியல் எல்லாம் அப்புறம்தான். முதல் வேலை அவர்களைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொள்வது. இதே வேலையில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூம் தரையில் சொட்டுத் தண்ணீர் கிடந்தாலே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாற்காலி கிரீச்சென்றால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். ஒரு டீயை உட்கார்ந்து குடித்து முடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்படிப்பட்ட என் கையில் ஒரு பெரியவரைக் கொடுத்தார்கள் பாருங்கள், ஆயுசு முழுக்க விழுவதையே தொழிலாக வைத்திருந்தவரை.

முதல் நாளே ஒரு சாவு

வீடு யாங்கோனில், போட்டாதாங் பேட்டையில். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெரியவர் பெயர் லூயி. நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். பாண்டிச்சேரியில் பிறந்தவர். மீசை சரியாக முளைப்பதற்குள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியா சண்டைக்குப் போயிருக்கிறார். சண்டை முடிந்ததும் பாரிசுக்கு வந்து சினிமாவில் நுழைந்து, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். மனைவி போனபிறகு மகள் எலீஸ் அக்கா, தான் வேலை பார்க்கும் யாங்கோனுக்கே அவரை அழைத்துவந்துவிட்டார்.

அக்கா எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. தாத்தாவின் இடுப்பெலும்பு அப்பளம் மாதிரி. ஒருமுறை ஒடிந்தால் மறுபடி எழுந்து நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் விழுந்தால் அன்றோடு என் வேலையும் முடிந்தது. இது போனால் எனக்கு வேறு வேலை கிடைப்பது கஷ்டம். லைங் தாயா துணி ஃபாக்டரிகளில் தையல் மெஷினுக்கு ஆள் எடுக்கத்தான் செய்கிறார்கள், என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆனால் நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருக்கும் என் மகள் சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே தைக்கமுடியுமா? இங்கே என்றால் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு மாடி ஏறினேன்.

அக்கா படியிறங்கிய செருப்புச் சத்தம் அடங்கியதும் தாத்தா ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார். நெஞ்சைப் பிடித்தார். முழங்கால் மடிந்தது, தோள் சாய்ந்தது, சத்தமே இல்லாமல் பாயில் சரிந்து, கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே செம்புத் தண்ணீரோடு ஓடினேன். பாதி அவர் முகத்தில், பாதி என் காலில். அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, எப்படி, நல்லா வந்துச்சா என்று கேட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது. "பயப்படாத பொண்ணே, இது வியாதி இல்ல, உத்தியோகம். இப்படி விழுந்து விழுந்துதான் எம் மவளைப் படிக்க வச்சேன்."

சோறு வடிக்கப் போன நேரம்

அன்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: சாவதாக இருந்தால் மெத்தைமேல்தான் சாகவேண்டும். அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா உட்காரமட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால். பேப்பர்காரர் கீழேயிருந்து இழுத்துக் கூப்பிடுவதற்காகத் தெருவுக்குத் தொங்கவிட்டிருக்கும் மணிக் கயிற்றை இழுத்துப்பார்ப்பார், மணி அடிக்கும், கீழே யாரும் இருக்கமாட்டார்கள், திரும்பி நடப்பார். அவர் பின்னால் நான், என் பின்னால் சுமி. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தினமும் ரயில் வண்டி.

கரண்ட் இருக்கிற நேரத்தில் லேப்டாப்பில் தன் படங்களைப் போட்டுக் காட்டுவார். அவருடைய நிறத்துக்கும் முகத்துக்கும் பாரிஸ்காரர்கள் கொடுத்த வேஷங்களைக் கேளுங்கள்: பாலைவனத்துக் கொள்ளைக்காரன், ராஜாவின் காவலாளி, தோட்டக்காரன், காட்டில் ஒளிந்திருக்கும் எதிரி. எதற்கும் பெயர் கிடையாது. எல்லாருக்கும் குண்டு உண்டு. வெள்ளைக்காரக் கதாநாயகன் குறி பார்த்தானென்றால் எதிரே விழுவது நம் தாத்தாதான். ஒருநாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பானை பொங்கிவிட்டது. ஓடிப்போய் வடித்துவிட்டு வந்தால் படத்தில் அவர் மண்ணில் குப்புறக் கிடக்கிறார். பக்கத்தில் நிஜத் தாத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். "நீ இப்பப் போயிருக்கக் கூடாது வள்ளி. அந்த ஒரு படத்துலதான் எனக்கு வசனம் இருந்துச்சு."

மீன் கடை முன்னால்

பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை க்யிம்யிண்டைங் சந்தைக்குச் சுமியைக் கூட்டிப்போனேன். மீன்காரி டோ சான் கத்தியைத் தூக்கிக் கெண்டை மீனின் தலையில் ஒரு போடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்து, முழங்காலை மடித்து, தோளைச் சாய்த்து, ஈரச் சாக்கின்மேல் செத்துப்போனாள். கண் திறந்தபடி.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் மூக்கில் தைலம் தடவ வந்தார், பிள்ளைக்குச் சாப்பாடு போடுகிறாளா என்று ஒரு அம்மா என்னையே பார்த்துக் கேட்டார். நான் சிரிக்கவும் முடியாமல் விளக்கவும் தெரியாமல், இது பிரான்ஸ் நடிப்பு என்று பர்மிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. டோ சான் மட்டும் குனிந்து சுமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். "எழுப்பாதே மகளே, நான் செதில் எடுத்து முடிக்கிறவரைக்கும் கிடக்கட்டும். உனக்கும் கொஞ்ச நேரம் கை ஓயும்."

நான் கை தட்டிய நாள்

கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் காசிம் பாய்க்கு ஒரு ஆசை. பட்டாளத்தில் இருந்தவரிடம் சண்டைக் கதை கேட்கவேண்டும். அரிசி மூட்டையோடு மேலே வரும்போதெல்லாம், பெரியவரே எத்தனை பேரைச் சுட்டீங்க என்று ஆரம்பிப்பார். தாத்தா எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். வேஷத்தில் செத்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறவர், சண்டை என்றதும் பால்கனிக்குப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் வெகுநேரம் போயிருந்த கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்று வெடித்தது. திரும்பிப் பார்த்தால் தாத்தா கட்டில் ஓரமாக மெத்தைமேல் குப்புறக் கிடக்கிறார். ஒப்பந்தப்படி மெத்தைமேல்தானே விழுந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் நான் பலமாகக் கை தட்டினேன். சுமியும் தட்டினாள். பிரமாதம் தாத்தா, இன்றைக்கு நிஜம் மாதிரியே இருக்கிறது என்றேன்.

எப்போதும் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை. எப்படி, நல்லா வந்துச்சா என்ற சத்தமே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன், விரல்கள் மெத்தைத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தன. தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவராகவே சொன்னார். அல்ஜீரியா மலைப்பாதையில் பக்கத்தில் நடந்துவந்த பாண்டிச்சேரிப் பையன் குண்டு பட்டு விழுந்தானாம். இவருக்கு ஒன்றும் படவில்லை. ஆனாலும் விழுந்திருக்கிறார். எதிராளிகளின் பேச்சுச் சத்தம் தாண்டிப் போகிறவரைக்கும் அவனோடு சேர்ந்து பிணமாகவே கிடந்திருக்கிறார். அவன் முனகியது கேட்டதாம். இவர் கண்ணைத் திறக்கவில்லை. "அதுதான் பொண்ணே என் மொத நடிப்பு. நல்லா வந்துச்சு, அதனாலதான் இன்னைக்கு உன் கையால கஞ்சி குடிக்கிறேன்."

டைரக்டர் படியேறி வந்தார்

போட்டாதாங் ஜெட்டிப் பக்கம் ஒரு பழைய கோடவுனில் பர்மியப் படம் எடுக்க வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர், பிஸ்கட் எல்லாம் காசிம் பாய் கடையிலிருந்து போகும். பாய்க்கு வாய் சும்மா இருக்குமா? பிரான்ஸ் நடிகர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். மறுநாளே டைரக்டர் கோ தெட் மூச்சு வாங்க மேலே வந்து நின்றார். சின்ன வயசு, கண்ணாடி, மரியாதையான பையன். கோடவுன் காவலாளி வேஷமாம். ஒரே காட்சிதான். திருடர்கள் சுடுவார்கள், கிழவர் விழுவார்.

எலீஸ் அக்கா முடியவே முடியாது என்றார். அதோடு வீடு தலைகீழ். தாத்தா தட்டைத் தள்ளிவைத்தார். நடை இரண்டு மடங்காகியது. பின்னாலேயே நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கியது. ஒருநாள் அக்காவும் அவரும் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. கடைசியில் நான்தான் நடுவில் போய், சுடுகிறவரைக்கும் தாத்தாவை எடுக்கட்டும், விழுவதை எடுக்கவே வேண்டாம், நான் கூடவே நிற்கிறேன் என்று சொன்னேன். டைரக்டரும் தலையாட்டினார், அக்காவும் அரைமனசாக ஒத்துக்கொண்டார். அக்கா சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தமிழ் தட்டித் தடவித்தான் வரும், அன்றைக்குத் தடையில்லாமல் வந்தது. "சின்னப் பிள்ளையிலேருந்து அப்பா சாகிறதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன் வள்ளி. நிஜமா ஒருநாள் விழுந்தா நான் சிரிச்சிடுவேனோன்னுதான் எனக்குப் பயம்."

ஜெட்டி கோடவுனில்

காக்கிச் சட்டை போட்டதும் தாத்தாவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். சுமி காசிம் பாய் மடியில் பிஸ்கட்டோடு இருந்தாள். இந்தக் காலத்தில் ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டால் பட்டாளம் வந்து நின்றுவிடும், அதனால் டைரக்டர் கையைத் தட்டினால் அதுதான் குண்டு. சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம்.

முதல் தட்டுக்குத் தாத்தா அப்படியே நின்றார். சரி, நல்லது என்றார் டைரக்டர், அப்புறம் காமிராவைப் பார்த்து யோசித்தார். விழாமல் விட்டால் செத்த மாதிரியே தெரியவில்லையாம், லேசாகச் சாய்ந்தால் போதுமாம். பேச்சு என்ன, நடப்பது என்ன என்று கேட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டேன். அதற்குள் தாத்தாவே சொல்லிவிட்டார், சாயமாட்டேன் என்று. இரண்டாவது தட்டு, நின்றார். மூன்றாவது தட்டு, நின்றார். வெளிச்சம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. காமிராக்காரர் என்னைக் காட்டி, இந்தம்மா ஃப்ரேமுக்குள்ளேயே நிற்கிறாங்க, தள்ளிப்போகச் சொன்னாலும் கேட்கமாட்டேங்கிறாங்க என்று முறையிட்டார். எப்படிப் போவேன்? எட்டிப் பிடிக்கிற தூரத்தை விட்டு நகர்ந்தால் நம் வேலை என்ன ஆவது? கோ தெட் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா நகராதவங்களையே சுட்டுருவோம். கிழவருக்கு வச்ச குறி தப்பி, டீ கொண்டுவந்த பொண்ணு மேல படட்டும்."

செத்த பிறகு கேட்டது

கையில் ஒரு டீ கெட்டிலைக் கொடுத்தார்கள். தாத்தா காதோரம் சொன்னார், முழங்கால், இடுப்பு, தோள், அந்த வரிசையில் போ என்று. கை தட்டினார்கள். விழுந்தேன். வரிசையெல்லாம் மறந்துபோய் முழங்கைதான் முதலில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இப்போது என் கைக்கு எட்டாத தூரத்தில் தாத்தா தனியாக நிற்கிறார் என்ற நினைப்புதான் எனக்கு. அவர் இதோ விழப்போகிறார், இதோ விழப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

விழவில்லை. என் தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது, தமிழில். வசனத்தில் அப்படி எதுவும் கிடையாது. "சவரி, எந்திரிடா. நான் இங்கதான் நிக்கிறேன். போகல. எந்திரிடா சவரி." அந்தப் பெயரை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை, ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது. எழுந்திருப்பதா கிடப்பதா என்று தெரியாமல், மூடிய கண்ணுக்குள்ளேயே அழுதேன். டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். தாத்தா ஒரு கையால் கோடவுன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடித்து எழுந்தேன். பாரத்தை அவர் மேல் போடாமல்தான், அவ்வளவு புத்தி எனக்கு அப்போதும் இருந்தது.

ஆபீஸ் முடிந்து வந்திருந்த எலீஸ் அக்கா கோடவுன் வாசலில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. சவரி யாரென்று என்னிடம் கேட்கவில்லை. அதை அவர் அப்பாவிடமே கேட்டுக்கொள்வார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் காலர் பொத்தானைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார், "சினிமாவில அப்பா சாகாம நிக்கிறதை இப்பத்தான் முதல் தடவை பார்க்கிறேன்."

முழங்கை

மறுநாள் என் முழங்கை பூரி மாதிரி வீங்கிவிட்டது. தாத்தா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மஞ்சள் பத்துப் போட்டு, தன் கைக்குட்டையால் கட்டிவிட்டார். பத்தின் நெடி மூக்கில் ஏறியதில் சுமி தும்மிக்கொண்டே இருந்தாள். கட்டிமுடித்துவிட்டு அவர் நடக்கப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து கஞ்சியை மெதுவாகக் குடித்தார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. நீ விழுந்ததுதான் சரியில்ல, குண்டு பட்டவ எங்கயாவது கெட்டிலைக் கவுந்துடாம பிடிச்சுக்கிட்டு விழுவாளா?"

நம் வேலையில் யாராவது ஒருவர் விழுந்துதான் ஆகவேண்டும் போலிருக்கிறது சகோதரிகளே, அது பெரியவராக இல்லாதவரைக்கும் நமக்கு வேலை உண்டு.