மாமியாரைக் கடையில் விற்ற மிஷின்

நனைஞ்ச குடை வாசனை எங்க வந்தாலும் எனக்கு அந்த கம்ப்யூட்டர் லேப்தான் ஞாபகம் வரும்...

சனிக்கிழமை மத்தியானம். வெளில ஜூன் மாசத்து எடவப்பாதி மழை கொட்டறது. வாசல்ல குடையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கு. உள்ள ஏசில ஈரப் புடவையோட நான் வெடவெடன்னு நிக்கறேன்.

திருவனந்தபுரத்துல பிஎச்டி பண்ணிண்டிருந்த காலம். ஸ்பானிஷ் கத்துக்கறவா மொழிபெயர்க்கற மிஷினை வச்சுண்டு எழுதினா பாஷை மண்டையில ஏறுமா, ஏறாதா... இதான் என் ஆராய்ச்சி. "கரமனைப் பொண்ணுக்கு எதுக்குடி ஸ்பானிஷ்?"னு கேக்காத ஆளில்லை. சொன்னா மட்டும் புரிஞ்சுடப் போறதாக்கும்!

ஆராய்ச்சிக்காக, ஸ்பானிஷ் படிக்கறவாள்ல ஆத்துல தமிழ் பேசறவாளா பாத்துப் பாத்து சேர்த்தேன். ஸ்ரீவராகம், கரமனை, சாலைன்னு ஒரு தெரு விடலை. ஹரின்னு ஒரு ஐடி கம்பெனிக்காரன் வந்தான், அர்ஜென்டினா ஃபுட்பால்னா உசிரை விடுவான். அப்புறம் செல்வி. சாலை பஜார்ல பாத்திரக் கடை வச்சிருக்கற குடும்பத்து மருமக. ஏம்மா ஸ்பானிஷ் படிக்க வந்தேன்னு கேட்டா, "கடையில சும்மா உக்காந்து போரடிக்கு எக்கா"ன்னா.

பிளான் ரொம்ப சிம்பிள். வீட்டுல காலைநேரம் எப்படி இருக்கும்னு பாதிப் பேர் இங்கிலீஷ்ல எழுதணும், பாதிப் பேர் தமிழ்ல. மிஷின் அதை ஸ்பானிஷா மாத்தும். அதை அவாளே சரி பண்ணித் தரணும். தாய்மொழியில எழுதினவாளுக்குத்தான் நன்னா ஏறும்னு நான் நிரூபிக்கப் போறேன்... அவ்ளோ தெனாவெட்டு எனக்கு!

ஆனா அதான் கடைசி சான்ஸ். எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஏற்கெனவே வாங்கித் தீர்த்தாச்சு. "இனி கேக்கண்டா மோளே, ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும்"னு என் கைட் மேடம் கறாரா சொல்லிட்டா. இந்த டேட்டா இல்லேன்னா தீஸிஸ் இல்லை. இத்தனை வருஷம் படிச்சது அத்தனையும் போச்சு.

"சரி, ஆரம்பிக்கலாமே"ன்னேன்.

இங்கிலீஷ் பக்கம் டகடகன்னு கீபோர்டு சத்தம். தமிழ் பக்கம்... ஒரு விரல் அசையலை.

செல்விதான் வாயைத் திறந்தா. "எக்கா, எங்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். எழுதத் தெரியாதுல்லா. ஸ்கூல்ல பூரா மலையாளம்தான?"

ஒவ்வொருத்தர்கிட்டயும் "ஆத்துல என்ன பாஷை பேசுவேள்?"னு கேட்டேனே ஒழிய, எழுத வருமான்னு கேக்கவே இல்லை! எங்கம்மா என்னை உக்காத்தி வச்சு 'அ ஆ' சொல்லிக் கொடுத்தா. எல்லார் ஆத்துலயும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். மண்டு!

"அப்போ வாட்ஸப்ல எப்படி எழுதுவேள்?"

"தமிழை மலையாள எழுத்துல எழுதிப் போடுவோம் எக்கா."

வேற வழி? எழுதுங்கோன்னுட்டேன். எழுத்தைப் பாத்தா மலையாளம், உள்ள இருக்கறது தமிழ். அந்த மிஷின் பாவம், தலையும் புரியாம வாலும் புரியாம வாய்க்கு வந்ததை உளறித்து.

செல்வி அலறினா. "எக்கா! எங்க மாமியாரு காலைல கடையைப் பெருக்குவாங்கன்னு எழுதுனேன். இது என்னன்னா நான் மாமியாரைக் கடையில வச்சு விக்கேன்னு போட்டிருக்கு! ஸ்பானிஷ்ல வெண்டோன்னா விக்கதுதான? அவங்க கண்ணுல பட்டா நான் செத்தேன்!"

லேபே சிரிச்சது. நான் மட்டும் பாத்ரூமுக்குப் போய் ஓன்னு அழுதேன்.

மூஞ்சி அலம்பிண்டு வந்து பாத்தா... ஹரி எப்பவோ முடிச்சுட்டு சிப்ஸ் தின்னுண்டிருக்கான். இங்கிலீஷ் பக்கம் எல்லாருக்கும் மிஷின் வழுவழுன்னு எழுதிக் கொடுத்துடுத்து, அவாளுக்கு வேலையே இல்லை. தமிழ் பக்கம் சந்தைக்கடை. ஒருத்தி டிக்ஷனரியைப் பிடுங்கறா, ஒருத்தி "அதில்லடி, இந்த வார்த்தை"ங்கறா. செல்வி நிமிர்ந்து பாத்து, "எக்கா, விக்கதை எடுத்துட்டேன். பெருக்கதுக்கு 'பார்ரே'ன்னு போட்டாச்சு. இப்பம் மாமியாரு விளக்குமாத்தை எடுத்துட்டாங்க"ன்னா.

எனக்கு அப்பவும் உறைக்கலை. அழுகைதான் முட்டிண்டு வந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு அதே விஷயத்தை மிஷின் இல்லாம எழுதச் சொன்னேன். ஹரி "மி காஸா..."ன்னு, அதாவது 'என் வீடு'ன்னு மட்டும் எழுதிட்டு ஃபேனைப் பாத்துண்டிருந்தான். செல்வி நிறுத்தாம எழுதினா. எட்டிப் பாத்தேன்... மாமியார் கடையைப் பெருக்கிண்டிருந்தா!

அன்னிக்கே பேப்பரை எல்லாம் தூக்கிண்டு மேடம்கிட்ட ஓடினேன். "நான் சொன்னது தப்பாப் போச்சு மேடம். தமிழா இங்கிலீஷாங்கறது விஷயமே இல்லை. மிஷின் ஒழுங்கா எழுதிக் கொடுத்தவாளுக்கு ஒண்ணும் ஏறலை. அதோட சண்டை போட்டவாளுக்குத்தான் ஏறியிருக்கு"ன்னு கண்ணைத் துடைச்சுண்டே சொன்னேன்.

மேடம் செல்வியோட மாமியாரைப் படிச்சுட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. "பின்னெ எந்தினா கரையுந்நது, எதுக்கு அழறே? இதான் உன் தீஸிஸ். போய் எழுது!"

அப்பாடா... தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் மழையிலேயே போனேன். குடையை லேப்லயே விட்டுட்டு வந்தது பஸ்ல ஏறினப்பறம்தான் தெரிஞ்சது.

இப்போ நானே காலேஜ்ல பாடம் எடுக்கறேன். மிஷின் புண்ணியத்துல என் ஸ்டூடண்ட்ஸ் கொண்டு வர ஸ்பானிஷ்ல ஒரு தப்பு இருக்காது. எழுதினதைப் பத்தி ஏதாவது கேட்டா ஹரி மாதிரி ஃபேனைப் பாக்கறதுகள். நான் எதையாவது தப்பாச் சொல்லி வம்புக்கு இழுத்துத்தான் வாயைத் திறக்க வைக்கறேன்.

போன வாரம் சும்மா இருக்க முடியாம, செல்வி எழுதின அதே வரியை, அதே மலையாள எழுத்துல, இப்போ இருக்கற மிஷின்ல போட்டுப் பாத்தேன். கண் இமைக்கறதுக்குள்ள ஸ்பானிஷ்ல பதில். மாமியார் காலையில் கடையைப் பெருக்குகிறார். ஒரு பிசகு இல்லை.

அன்னிக்கே இது இவ்ளோ சமர்த்தா இருந்திருந்தா சண்டையும் இல்லை, என் தீஸிஸும் இல்லை!

அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து செல்விக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, இன்னிக்கும் மலையாள எழுத்துலதான்.

"அப்பாடா எக்கா... இத்தன வருசமா யாரும் வெலைக்குக் கேட்டு வராம மாமியாரு தப்பிச்சாங்க!"