யாக்கோப்பு பார்க்காத குவானாஹுவாத்தோ

ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார் யாக்கோப்பு மாமா. நடக்க முடியாத பயணிகளை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தள்ளுகிறார். மூன்று வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டுப் போன மாதம் நான் திரும்பியபோது, எங்கெங்கே போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். மாமா ஒரே ஓர் ஊரைப் பற்றித்தான் கேட்டார்.

குவானாஹுவாத்தோ. வெள்ளிச் சுரங்கங்களுக்காக ஸ்பானியர் மெக்சிக்கோவில் கட்டிய மலைநகரம். கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் தொண்ணூற்றெட்டில் அவரைப் பதினொரு மாதம் அங்கே வைத்திருந்தான். கனடா சரிவரவில்லை, பிறகு வேறு வழியால் லண்டன் வந்தார். பிறந்தநாள் வீடுகளில் அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் நானும் அந்த ஊருக்குப் போனேன்.

"பிள்ளை, ஒரு உதவி." தன் வீட்டு முன்னறையில் நின்றார்; வேலைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "எங்கட இருபத்தஞ்சாவது கலியாண நாளுக்கு மேனுஷா மூண்டு ரிக்கெற் போட்டிட்டாள். அப்பாதான் கைட் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறாள். எது எங்கை இருக்கெண்டு ஒரு படம் கீறித் தா."

"உங்களுக்குத் தெரியாத இடமே, மாமா?"

"நான் ஒண்டும் பாக்கேல்லை."

லொறியில் போர்வைக்குள் மூடிக் கொண்டுபோய் இறக்கினார்களாம். அப்படியே மூடி ஏற்றினார்களாம். இடையில் ஏழு பேருக்கு ஓர் அறை, ஆணியடித்த ஜன்னல். அதற்குக் கீழேதான் சுற்றுலாக்காரர் தேடி வரும் முத்தச் சந்து. அங்கே ஒரு வழிகாட்டி ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் நாளுக்குப் பத்துத் தடவை அதே கதையைச் சொல்வான்: பணக்காரன் மகள், எதிர்மாடத்தில் நின்று அவளைக் காதலித்த சுரங்கத் தொழிலாளி, தகப்பன் அவளைக் குத்திய கத்தி, செத்துக்கொண்டிருந்தவளின் கையில் காதலன் வைத்த முத்தம்.

கீறத் தொடங்கினேன்.

"சந்து எவ்வளவு அகலம்?"

ஒரு கையை நீட்டிக் காட்டினேன்.

"அவ்வளவுதானோ? ஹை ஸ்ட்ரீட் மாதிரி எண்டெல்லோ நினைச்சன்!"

அரைப் பக்கம் வந்தபோது என் பேனையை வாங்கி மூடினார். "விடு பிள்ளை. இனி இதைப் பாடமாக்க ஏலாது." உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பா, சீரியஸா? அப்ப அந்தக் கதையெல்லாம்?"

"ஜன்னலுக்குள்ளாலை கேட்டது."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

குசினியிலிருந்து அஞ்சலீனா மாமியின் குரல் வந்தது. "அளக்காதேங்கோ, ஒருநாள் மாட்டுவியள் எண்டு எத்தினை தரம் சொன்னன்!"

மேனுஷா சிரிக்கவில்லை. மாமா கதிரையில் உட்கார்ந்து முழங்காலை நீவினார். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"கான்சல் பண்ணுவமோ, அப்பா?"

"வேண்டாம். போவம். ஆனா என்னை முன்னாலை நடக்கச் சொல்லாதை. நான் பாத்துக்கொண்டு பின்னாலை வாறன்."

மேனுஷா கதிரைக்கு முன்னால் வந்தாள். குனிந்து, அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.