என் கொள்ளைக்காரனும் ரொஹானும்

அலுவிகாரை என்கிற ஊரில் இருந்துகொண்டு கடற்கொள்ளைக்காரனைக் காதலிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸிலேயே எனக்குத் தலை சுற்றும்.

நான் ஜெனிஸ்டா. வயது முப்பத்தைந்து. மாத்தளை டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். டீவித் தொடரில் வரும் ஒரு கொள்ளைக்காரக் கப்பல் தலைவன் மேல் எனக்குப் பைத்தியம். காற்றில் பறக்கும் முடி, தாடி, காதில் வளையம், கையில் வாள். அவனைப் பார்த்த கண்ணாலேயே என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் பார்த்துத் தொலைத்தேன். ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வேண்டாமென்றேன். குடை பிடிக்கிற கொள்ளைக்காரன் உண்டா? அம்மா மார்கிரட் தலையில் அடித்துக்கொண்டார்.

போன ஞாயிறு ரொஹான் என்னைப் பெண் பார்க்க வந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர் என்று தரகர் சொன்னதுமே புதுச் சட்டை தைத்துவிட்டேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த என் தலைவனின் படத்தைக் கழற்றச் சொல்லி அம்மா காலையிலிருந்து கத்தினார். கப்பல்காரருக்குப் பிடிக்கும் என்று நான்தான் விட்டுவைத்தேன்.

உள்ளே வந்த ரொஹானின் அம்மா, அந்தப் படத்தின் முன்னால் நின்று பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டார்.

"கையில வாள் இருக்கே. புனித சின்னப்பருங்களா?"

"ஆமாங்க," என்றார் என் அம்மா, வேறு வழியில்லாமல்.

ரொஹான் மட்டும் காது வளையத்தைப் பார்த்துவிட்டார். "இவன் கொள்ளக்காரன்தானே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "எங்க கப்பலயும் புடிச்சு வச்சிருந்தாங்க. மாசக்கணக்கா."

எனக்கு வந்த கேள்வியைப் பாருங்கள். "ஆளுங்க அழகா இருந்தாங்களா?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ரப்பர் செருப்பு போட்ட ஆளுங்க. ஒருத்தனுக்குப் பல்லு வலி. துவக்குக் குழல என் நெத்தியில வச்சுக்கிட்டே பெனடோல் மாத்திர கேட்டான்."

வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் வாளைப் பார்த்துச் சொக்கிக் கிடந்த எனக்கு, வாளுக்கு முன்னால் நிற்கிறவனின் நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. இந்த மனிதர் என்னை வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோங்க," என்று அவர் அம்மா எழுந்தார். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிற பேச்சு அது. கேட் வரைக்கும் ஓடினேன்.

"என்னையப் புடிச்சிருக்குங்களா?"

ரொஹான் கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "புடிச்சிருக்கு. ஆனா கடல் பாக்கப் போவோம்னு மட்டும் கூப்பிடாதீங்க."

"கூப்பிட மாட்டேங்க," என்றேன்.