உலர்பெட்டிக்கு வைத்த பொட்டு

எட்டுக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குள் நுழைந்தவள், உலர்பெட்டியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தகடுகளில் இருந்தது என் இரண்டு வருட உழைப்பு. அயனித் திரவம் என்பது அறைச் சூட்டிலேயே எண்ணெய்போல் திரவமாகக் கிடக்கும் ஒருவகை உப்பு. அதைப் பாலிமரோடு சேர்த்துக் கூழாக்கி மின்சேமிப்புக் கலங்களில் வைத்தால் ஒழுகாது, எளிதில் தீப்பிடிக்காது. எங்கள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த கார்பனோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கூழுக்கு ஒரே எதிரி ஈரம். மழைக்காலக் காற்று பட்டாலே கெட்டுவிடும் என்பதால்தான் கூழ் தடவிய தகடுகளை ஈரம் புகாத அந்த உலர்பெட்டிக்குள் வைத்திருந்தேன். 'திறக்கக் கூடாது' என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தேன்.

திறந்தவர் எங்கள் அட்டெண்டர் அண்ணன். வடலூர்ப் பக்கத்துக்காரர், பெர்மனென்ட், ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. அந்த வருடம்தான் எங்கள் ஆய்வகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். கையில் ஈரத்துணி இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை. பூஜைக்காக எல்லாத் தகடுகளின் ஓரங்களையும் அந்தத் துணியால் துடைத்துத்தான் பொட்டு வைத்திருக்கிறார். ஏன் திறந்தீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் புரிந்துவிடும். புரிந்தால் நேரே பேராசிரியரிடம் போய், நான்தான் கெடுத்தேன் என்று நின்றுவிடுவார். அவ்வளவு வெள்ளந்தி. கையில் மெமோவைக் கொடுத்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் வருவதற்குள் குங்குமத்தைத் துடைத்தேன்.

அந்த வாரமே மதிப்பாய்வு. என் கான்ட்ராக்ட் நீட்டிப்பு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் செய்ய உப்பும் இல்லை, நாளும் இல்லை. இருந்த கூழை வைத்தே கலங்களைக் கட்டினேன். ஏற்றிய மின்சாரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. காரணம் கேட்டார்கள், என் கவனக்குறைவு என்றேன். நீட்டிப்பு இல்லை என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். அறையைக் காலி செய்தபோது அண்ணன்தான் வந்து அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். இவ்வளவு படித்த பிள்ளையை இப்படி அனுப்புகிறார்களே என்று வழியெல்லாம் புலம்பினார். நான் வாயே திறக்கவில்லை. பெரிய தியாகி என்று நினைப்பு எனக்கு.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் போன் செய்தார். என் இடத்தில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். அதே பெட்டியில் அவளும் ஏதோ கூழ் வைத்திருக்கிறாளாம். அவளுக்கும் அடுத்த வாரம் மதிப்பாய்வாம்.

"போன வருஷம் உங்களுக்கு ஏனோதானோன்னு பொட்டு வச்சிட்டேன் மேடம். அது மனசுல உறுத்திகினே இருந்துச்சிங்க. இந்தப் பொண்ணுக்கும் அப்படி ஆவக்கூடாதுன்னு, இந்த வாட்டி ஒவ்வொண்ணையும் வெளிய எடுத்து, தண்ணி தெளிச்சி, நல்லா தொடச்சி வச்சிருக்கேன்."

அவர்மேல் வரவேண்டிய எரிச்சல் முழுவதும் என்மேல் திரும்பியது. ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பெண் தப்பியிருப்பாள்.

"அண்ணே, மொதல்ல கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.