வெள்ளை பிளவுஸ்

தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாள் பேச்சிச்செல்வி. ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் கத்தரி தப்பியதில்லை. தப்பியது வாய்தான்.

தொழில் கற்றது தூத்துக்குடியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில். கடற்கரைத் தெருக்களின் கிறிஸ்தவக் கல்யாணப் பெண்களுக்கு வெள்ளைப் பட்டுக்கு ஏற்ற முழுக்கை பிளவுஸ் எத்தனையோ தைத்திருக்கிறாள். அந்தக் கைப்பழக்கமே அவளைக் கெடுத்தது. போன ஆவணியில் பக்கத்துத் தெரு சீனித்தாயின் மகள் ரம்யா, காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறவள், வெள்ளைத் துணியோடு வந்தாள்.

"முழுக்கை வச்சு தைங்க அத்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளையில் என்ன வேலை? சர்ச்சில் ரகசியக் கல்யாணம்தான் என்று பேச்சிச்செல்வி முடிவே கட்டிவிட்டாள். எதுக்கும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்று பார்த்து ராஜதுரை வந்தார். இரும்புக்கடைக்காரர், குலமங்கல சபையின் செயலாளர். 'நம்ம பெண்களைக் காப்பாற்ற' என்று மூன்று வருஷம் முன்பு தொடங்கிய சபை. பிளவுஸ் கை முழங்கை வரை இருக்க வேண்டும், முதுகு மூடியிருக்க வேண்டும், கல்யாணமாகாத பிள்ளைக்கு போன் கூடாது என்று மாதம் ஒரு சட்டம் போடுவார்கள். பேச்சிச்செல்விக்கும் அதெல்லாம் சரி என்றுதான் பட்டது.

"அண்ணாச்சி, சீனித்தாய் மவ வெள்ள பிளவுஸ் தைக்கக் குடுத்துருக்கா, சர்ச் கல்யாணத்துக்குத்தான்" என்றாள்.

சாயங்காலமே சபைக்காரர்கள் சீனித்தாய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். "காலேஜ்ல ஓணத்துக்கும்மா, எல்லாரும் வெள்ளதான் கட்டுதாவ" என்று ரம்யா கதறினாள். யார் கேட்டார்கள்? தையல்காரியே சொல்லிவிட்டாளே! படிப்பு நின்றது. விளாத்திகுளத்தில் மாப்பிள்ளை பார்த்து தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

சபைக்காரர்கள் வந்துபோன மறுநாளே நாலு பிள்ளைகள் கடைக்கு வந்திருந்தார்கள், வெள்ளைத் துணியோடு. "ஓணத்துக்குக்கா. ரம்யாதான் ஒங்க கடையச் சொன்னா."

பேச்சிச்செல்விக்கு அப்போதுதான் தன் தப்பு தெரிந்தது. நாலையும் தைத்துக் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. சபையைப் பகைத்துக்கொண்டால் கடைக்கு எவள் வருவாள் என்ற பயம். மூன்று மாசம் அந்தப் பயத்தோடு சோறு தின்றாள்.

கார்த்திகையில் முகூர்த்த பிளவுஸுக்கு அளவெடுக்க ரம்யாவைக் கூட்டி வந்தாள் சீனித்தாய். ஆவணி அளவைவிட உடம்பு ரெண்டு இஞ்ச் குறைந்திருந்தது.

"கை எம்புட்டு நீளம் வைக்கட்டும்மா?"

"ஒங்க இஷ்டம்."

அரை இஞ்சுக்குச் சண்டை பிடிக்கிற பிள்ளை அது. பேச்சிச்செல்வியால் அந்தப் பட்டில் கத்தரி வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சபையின் திருவிளக்குப் பூஜை. ராஜதுரை அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். "ஒரு பிள்ளையக் காப்பாத்துன தங்கச்சி. நீங்களும் நாலு வார்த்த பேசுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தார். மூன்றாவது வரிசையில், விளக்குக்கு முன்னால், சீனித்தாய் தலை குனிந்திருந்தாள்.

"நான் காப்பாத்தல, கெடுத்தேன்" என்றாள் பேச்சிச்செல்வி. "அந்த வெள்ள பிளவுஸ் ஓணத்துக்குத்தான். அதே காலேஜ் பிள்ளையளுக்கு இன்னும் நாலு நானே தச்சுக் குடுத்தேன். ரம்யா சொன்னது அம்புட்டும் நெசம். தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

ராஜதுரை மைக்கைப் பிடுங்கினார். "சரி சரி, எப்படியோ பிள்ளைக்கு நல்ல எடம் அமைஞ்சிட்டுல்லா" என்று சிரித்தார். பொய் என்று தெரிந்தும் மனுஷனுக்கு முகம்கூட வாடவில்லை. பெண் வீட்டுக்குள் அடைந்தால் சரி, காரணம் எதுவானால் என்ன?

சீனித்தாய் பூஜையைப் பாதியில் விட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் படியேறி வந்தாள். "அந்தப் பட்டுத் துணியக் குடு."

"இன்னும் வெட்டல மயினி."

"வெட்ட வேண்டாம். கல்யாணம் வேண்டாம்னு சொல்லியாச்சு. அவளும் அவ அப்பாவும் காலேஜுக்குப் போயிருக்காவ, திரும்பச் சேத்துக்கிடுவாவளான்னு கேக்க."

பேச்சிச்செல்வி அழுதுகொண்டே, ஆவணியில் தைத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த ரம்யாவின் வெள்ளை பிளவுஸை எடுத்து நீட்டினாள். சீனித்தாய் கை நீட்டவில்லை.

"அவ அன்னைக்கே சொன்னா. பெத்தவ நானே அவள நம்பல, ஒன்ன நம்புனேன். அது இங்கனயே கெடக்கட்டும். என்னைக்காவது அவளா வந்து கேட்டா குடு."